சீனி போன வழியே ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு: கொல்கத்தா

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாப்பிள்ளை என்னை உலுக்கி எழுப்பினார். "அத்தான், எழுந்திருங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்களாம்."

மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. சாத்தூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். நான் முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். சீன எல்லையை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கொல்கத்தா மொத்த விலைக் கடைகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று 2025 நவம்பரில் கிளம்பிவிட்டோம்.

டிரெட்டா பஜார் லால் பஜாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்வர்டோ டிரெட்டா என்ற வெனிஸ்காரர் பெயரில் அமைந்த சந்தையில், சீனர்கள் விற்கும் காலைப் பலகாரத்தை வங்காளிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். மூங்கில் தட்டுகளிலிருந்து ஆவி பறக்கிறது. பன்றிக் கறி வைத்த வெள்ளை பாவ், மீன் உருண்டை சூப், மடித்து வேக வைத்த கொழுக்கட்டை. கொழுக்கட்டை என்பது என் பெயர். அவர்கள் வேறு ஏதோ சொன்னார்கள். விற்பவர்களில் சீன முகம் பாதிகூட இல்லை. எனக்கு சூப் ஊற்றிக் கொடுத்த சீனப் பாட்டி மட்டும் சில்லறைக்காக ஒரு கல்லூரிப் பையனைச் சுத்தமான வங்காளியில் திட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் சந்துகளில் சீனக் கோவில்கள். எல்லாவற்றையும் இங்கே 'சர்ச்' என்றே சொல்கிறார்கள். வழிபடும் இடமென்றால் வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஒரு சொல்தான் செல்லுபடியானது போலிருக்கிறது. 1905-ல் கட்டிய ஸீ இப் சர்ச்சில் குவான் யின் அம்மன் இருக்கிறாள். மூங்கில் குழலில் எண் போட்ட குச்சிகள். குலுக்கி, விழும் குச்சியைக் கொண்டு பலன் பார்க்கிறார்கள். நம்மூரில் அம்மன் முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்போமே, அதேதான். மாப்பிள்ளை குலுக்கப் போனவர், பலன் சீன எழுத்தில் இருக்கும் என்றதும் கையை எடுத்துவிட்டார்.

ஒவ்வொரு வட்டாரத்துச் சீனர் ஒவ்வொரு தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். கான்டன்காரர்கள் தச்சர்கள், ஹக்காக்கள் செருப்பும் தோலும், ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியர்கள். தொழில் தேடி வருகிறவர்களுக்குக் கொல்கத்தா அப்படிப்பட்ட ஊர். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள ரயிலேறி வந்ததும் இங்கேதான். அந்தக் கணக்கில் நான் சாப்பிட்ட சோறும் இந்த ஊர் போட்டதுதான்.

இரண்டாம் நாள், திங்கள்: அச்சிப்பூர், எஸ்ரா தெரு

கொல்கத்தாவிலிருந்து தெற்கே, பஜ் பஜ் தாண்டி, ஹூக்ளி ஆற்றங்கரையில் அச்சிப்பூர். வாடகைக் கார் இரண்டு மணி நேரம் எடுத்தது.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் டோங் அச்சு என்ற சீனர். இந்தியாவில் குடியேறி நிலைத்த முதல் சீனர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1778 வாக்கில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் 650 பிகா நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபாய் குத்தகைக்கு வாங்கிக் கரும்பு போட்டு, சர்க்கரை ஆலை வைத்தார். ஆட்களைச் சீனாவிலிருந்து கூட்டி வந்தார். மக்காவ் கப்பல்களிலிருந்து ஓடிவந்த சீனர்கள் தன் ஆட்களைக் கலைக்கிறார்கள் என்று 1781-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் புகார் எழுதியிருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளிடம் நான் கேட்டுச் சலித்த புகார் அது. அடுத்த சில ஆண்டுகளில் செத்தும் போனார்.

ஆற்றைப் பார்த்தபடி அவர் சமாதி, குதிரை லாட வடிவில், சிவப்புச் சாயம் பூசி. அணைந்த ஊதுவத்திக் குச்சிகள் ஒரு கைப்பிடி. சற்றுத் தள்ளிச் சீனாமன்தலா என்ற இடத்தில் கோவில். உள்ளே மண் தெய்வமும் அவர் மனைவியும். உள்ளூர் முஸ்லிம்களும் இந்துக்களும் குதா, குதி என்கிறார்கள். சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் வண்டி கட்டி வந்து படைப்பார்களாம். நாங்கள் போன அன்று ஒரு ஆடும் காவல்காரரும்தான் இருந்தார்கள்.

காவல்காரர் டீ வரவழைத்தார். "சினி?" என்று விரலைக் காட்டிக் கேட்டார். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கம் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர். வங்காளத்திலும் அதே சொல். சீனத்துச் சரக்கு என்பதால் வந்த பெயர். அச்சு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கரும்புச் சாறு காய்ச்சும் வித்தை சீனாவுக்குப் போனதே இங்கிருந்துதான். 647-ல் தாங் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன அரச வரலாற்றிலேயே இருக்கிறது. மகதம் என்றால் பக்கத்து பீகார். போன வித்தை அங்கே பக்குவப்பட்டு, வெளுத்து, 'சீனி' என்று அவர்கள் பெயரைச் சூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. ஆயிரத்து நூறு வருடம் கழித்து ஒரு சீனர் அதே சரக்கைக் காய்ச்ச வங்காளத்துக்கே வந்து, இந்தக் கரையில் மண்ணாகியிருக்கிறார். படிகாரத்தைச் சீனக்காரம் என்கிறோம். தேயிலையில் இருக்கும் 'தே' ஃபூஜியன் கரையின் பேச்சு. ஒரு மளிகைக் கடைச் சீட்டை நீட்டினால் பாதிச் சரித்திரம் வந்துவிடும்.

எதிர் வழியில் போனது அபினி. கம்பெனி பீகாரில் விளைவித்து, கொல்கத்தாவில் ஏலம் போட்ட பெட்டிகள் இந்த ஆற்று வளைவு வழியாகத்தான் கான்டனுக்குப் போயின. வெள்ளைக்காரனுக்குத் தேயிலை வேண்டும், கொடுக்க வெள்ளி இல்லை, அபினியைக் கொடுத்தான். 1839-ல் சீன அதிகாரி லின் ஸெஷூ ஹூமெனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை அழித்தார், போர் வந்தது. நட்பு, பண்பாடு, புத்தர் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெட்டிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மாலையில் எஸ்ரா தெரு. மாப்பிள்ளை முகம் நூறு வாட்ஸ் பல்பாக எரிந்தது. கடைக்குக் கடை சீரியல் செட் தொங்குகிறது, எல்லாம் சீனச் சரக்கு. ஒரு மொத்த வியாபாரி நிமிராமல் பில் போட்டபடியே சொன்னார்: "கல்வானுக்குப் பிறகு ஆறு மாதம் வாடிக்கையாளர்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். இப்போது விலை மட்டும்தான் கேட்கிறார்கள்."

பொய் இல்லை. 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த எல்லை மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். பல ஊர்களில் சீனப் பொருளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2020-21 நிதியாண்டில் சீனாவிலிருந்து இறக்குமதி சுமார் 6,500 கோடி டாலர். 2024-25-ல் அது 11,345 கோடி டாலர். நாம் அனுப்பியது 1,425 கோடி. மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் கணக்கன் கைக்கே நடுக்கம் எடுக்கும். அதே ஐந்து வருடமும் இரு நாட்டுக்கும் நேரடி விமானம் மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான், அக்டோபர் 26 அன்று, கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மறுபடி பறக்கத் தொடங்கியது. சரக்கு வரலாம், ஆள் வரக்கூடாது. இந்தப் பயணம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், செவ்வாய்: டாங்ரா

கொல்கத்தாவிலேயே, தோல் பதனிடும் ஹக்காக்களின் பேட்டை. 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆலைகளைப் பான்தலாவுக்குப் போகச் சொன்னது. போனவை போக, மிச்சக் கட்டடங்கள் உணவகங்களாகிவிட்டன. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, உள்ளே நூடுல்ஸ்.

சீனக் காளி கோவில் இங்கேதான். சீனர்களே காளிக்குப் பூசை நடத்துகிறார்கள், நூடுல்ஸ் படைக்கிறார்கள். சிவப்புச் செம்பருத்தி மாலை, சீன ஊதுவத்தி. கும்பிட்டோம்.

மதியம் சாப்பிட்ட இடத்தில் கல்லாவில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிறந்தது அசாம். 1962 நவம்பரில், சீனாவோடு போர் நடந்த சமயம், போலீஸ் வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு கிளம்பினாராம், திரும்பிவந்து பள்ளிக்குப் போகலாம் என்ற நினைப்பில். ரயில் ஏழு நாள் ஓடி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் இறக்கிவிட்டது. சுமார் 3,000 பேரை அப்படிக் கொண்டுபோய் அடைத்தார்கள். கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967-ல். பெரும்பாலானவர்கள் இந்தியாவில் பிறந்தவர்கள். சீனாவைப் பார்த்ததே இல்லை.

"அந்தப் பை என்ன ஆயிற்று?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மா சங்கடப்படவில்லை. "தேவ்லி வெயிலில் தோல் வெடித்துவிட்டது. நல்ல தோல் இல்லை" என்றார். தோல்காரர் வீட்டு மருமகள் அல்லவா. மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

இரவு பத்து மணிக்கு மேல் சியால்தாவில் டார்ஜிலிங் மெயில். நள்ளிரவுக்குப் பிறகு, சாந்திநிகேதனுக்கு இறங்க வேண்டிய போல்பூரில் வண்டி நின்றது. 1924-ல் சீனா போய் வந்த தாகூர், 1937-ல் சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் திறந்தார். தான் யுன்-ஷான் என்ற அறிஞர் அதை நடத்தினார். இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மேல் பர்த்தில் மாப்பிள்ளையின் குறட்டை, கீழே குளிர். போர்வையை இழுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், புதன்: மலை ஏறுதல்

நியூ ஜல்பாய்குரியிலிருந்து ஜீப். சேவோக் தாண்டியதும் தீஸ்தா கூடவே வருகிறது. 2023 அக்டோபரில் மேலே தெற்கு லோனக் ஏரி உடைந்து வந்த வெள்ளம் அடித்த இடங்களில் இன்னும் கரை ரணமாகத்தான் இருக்கிறது. மண்சரிவு என்று ஓரிடத்தில் இரண்டரை மணி நேரம் நின்றோம். எழுத வேறொன்றும் இல்லை. கலிம்போங்கில் தங்குமிடத்தில் வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை.

ஐந்தாம் நாள், வியாழன்: கலிம்போங்

இந்த ஊர் இன்று பூந்தொட்டியும் பள்ளிக்கூடமுமாக அமைதியாக இருக்கிறது. ஒரு காலத்தில் லாசாவுக்குச் சரக்கு மூட்டை கட்டிய ஊர் இது. 1904-ல் ஆங்கிலேய அதிகாரி யங்ஹஸ்பண்ட் படையோடு திபெத்துக்குள் லாசா வரை போன பிறகு வழி அகன்றது. ஜெலெப் லா கணவாய் வழியாகக் கோவேறு கழுதைகள் கம்பளி சுமந்து இறங்கின. இங்கே தரம் பிரித்துப் பொதி கட்டி, கொல்கத்தாத் துறைமுகம் வழியாக அமெரிக்கக் கம்பள ஆலை வரை போனது. ஏறும்போது துணி, மண்ணெண்ணெய், வெல்லம், கைக்கடிகாரம் என்று கலந்து போனது. பதின்மூன்றாம் தலாய் லாமாவுக்கு ஆஸ்டின் கார்கூடப் பிரித்துச் சுமந்துதான் போயிருக்கிறது.

இப்படிக் கூட்டமாகப் போகும் வணிகத்தைச் சங்கப் பாட்டு 'சாத்து' என்கிறது. மிளகு சுமந்த கழுதைச் சாத்து அதில் வருகிறது. சாத்தூர் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று என் அப்பா சாதிப்பார். சொந்த ஊர்ப் பெருமையில் ஆதாரம் கேட்கக் கூடாது.

டென்த் மைல் பகுதியில்தான் கம்பளிக் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே பழைய சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர், நாங்கள் தமிழ்நாடு என்றதும் நாற்காலி போட்டார். அவர் அப்பா கழுதைக்காரர். முன்னே போகும் கழுதைக்குக் கட்டும் மணியை எடுத்துக் காட்டினார், பித்தளை, தேங்காய் அளவு. ஆட்டினால் ஒலி சட்டென்று நிற்கவில்லை, கடைக்குள்ளேயே சுற்றியது. வளைந்த பாதையில் எதிரே வரும் சாத்துக்கு முன்னறிவிப்பு அது. இரண்டு சாத்தும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் ஒன்று பள்ளத்தில்.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளி நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். கனம். ஒரு பக்கம் நெற்கதிர் மாலை. மறுபக்கம் மொட்டைத் தலையும் மீசையுமாக யுவான் ஷிகாய், சீனக் குடியரசின் ஆரம்ப கால அதிபர். 1950-களின் தொடக்கத்தில் திபெத்துக்குள் வந்த சீனப் படைக்கு அங்கே சாலை இல்லை, அரிசி இல்லை. சாமானும் சோறும் இந்த மலை வழியாகத்தான் மேலே போயின. விலையாக இந்த வெள்ளி டாலர்கள் மூட்டையாக இறங்கின. "அப்பா இதைத் தரையில் போட்டு ஓசை பார்த்துத்தான் வாங்குவார்" என்றார் பெரியவர். மாப்பிள்ளை கேட்டார், "போட்டுப் பார்க்கலாமா?" போட்டார்கள். மணியின் ஒலி அளவுக்கு இல்லை.

1954 ஏப்ரல் 29 அன்று இரு நாடுகளும் திபெத் வணிக ஒப்பந்தம் போட்டன. பஞ்சசீலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஐந்து கொள்கைகள் அந்த வணிக ஒப்பந்தத்தின் முகப்பில்தான் இருக்கின்றன. இந்தியாவுக்கு யாதூங், கியான்சே, கார்டோக்கில் வணிக முகமைகள்; சீனாவுக்கு டெல்லி, கொல்கத்தா, இந்தச் சின்னக் கலிம்போங். ஆயுள் எட்டு வருடம். 1962-ல் புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர். கழுதைக்காரர்கள் கழுதைகளை விற்றார்கள். சீனப் பள்ளிக்கூடம் மூடியது. கடை வைத்திருந்த சீனர்கள் சிலர் தேவ்லிக்கு, சிலர் எல்லைக்கு அப்பால்.

மிஞ்சியது நூடுல்ஸ். ஒரு சந்தில், நம்மூரில் சேமியா காயப்போடுவது போல, மூங்கில் கழிகளில் நீள நீளமாகத் தொங்குகிறது. பிழிகிறவர்கள் நேபாளிகள்.

ஆறாம் நாள், வெள்ளி: காங்டாக்

நாதூ லா எல்லைக் கணவாய்க்குப் போக பெர்மிட்டுக்கு அலைந்த நாள். நாலு போட்டோ, ஆதார் நகல், ஒரு ஏஜென்ட். சொன்ன தொகை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சுர்பி என்ற யாக் பாலாடைக் கட்டியை ஒரு கடையில் மாப்பிள்ளை வாயில் போட்டார். இரவு படுக்கும்வரை அது கரையவில்லை.

ஏழாம் நாள், சனி: நாதூ லா

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் ஆளுக்கு ஒரு துண்டு சூடம் கொடுத்தார், மூச்சு முட்டினால் முகர்ந்துகொள்ள. சாங்கு ஏரி தாண்டியதும் மரங்கள் நின்றுவிட்டன.

முதலில் ஷெராதாங். நாதூ லா வழி நடக்கும் எல்லை வணிகத்துக்கு இங்கேதான் நம் பக்கத்துச் சந்தை. 2003-ல் வாஜ்பாய் பெய்ஜிங் போனபோது பேசி, 2006 ஜூலை 6 அன்று, 44 வருடம் கழித்துக் கணவாயைத் திறந்தார்கள். அனுமதித்த சரக்குப் பட்டியலை நான் ஊரிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அங்கிருந்து வரலாம்: யாக் வால், யாக் முடி, ஆட்டுத் தோல், கம்பளி, வெண்காரம், சீனக்களிமண், உப்பு, குதிரை. இங்கிருந்து போகலாம்: போர்வை, சைக்கிள், வெல்லம், கற்கண்டு, மூக்குப்பொடி, மண்ணெண்ணெய். 2006-ல், கைப்பேசிக் காலத்தில், மூக்குப்பொடி! கழுதைச் சாத்தின் பட்டியலைத் தூசி தட்டி அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2012-ல் சில பொருட்கள் சேர்த்தார்கள். சிக்கிம் வியாபாரிகள் அதை வைத்துக்கொண்டும் பதினாலு வருடம் பிழைத்தார்கள். 2020-ல் அதுவும் நின்றது. மறுபடி திறப்பதாக 2025 ஆகஸ்டில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. நாங்கள் பார்த்தபோது ஷெராதாங்கில் கதவுகள் பூட்டித்தான் கிடந்தன. ஒரு கடையின் ஷட்டர் முன்னால் நாய் சுருண்டு படுத்திருந்தது.

எஸ்ரா தெருவில் 11,345 கோடி டாலர் தங்கு தடையின்றி ஓடுகிறது. வெல்லமும் கற்கண்டும் விற்றவனை மட்டும் ஐந்து வருடமாக வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம். தேசபக்திக்கு விலை கொடுக்க ஒருவன் வேண்டும் என்றால் அவன் எப்போதும் சின்ன வியாபாரியாகத்தான் இருக்கிறான்.

கணவாய் 4,300 மீட்டருக்கு மேல். கேமராவும் போனும் கீழேயே. படி ஏற ஏற நெஞ்சு அடித்தது. மாப்பிள்ளை பத்துப் படிக்கு ஒரு முறை சூடத்தை முகர்ந்தார். மேலே இரண்டு கட்டடங்கள் முகத்தோடு முகம், நடுவில் வேலி. 1967 செப்டம்பரில் இந்த வேலி போட்ட தகராறில்தான் பீரங்கி வெடித்தது. இறந்த வீரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் சும்பி பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை, இந்தப் பக்கத்துச் சாலை மாதிரியே வளைந்து இறங்குகிறது. சீன வீரன் ஒருவன் ஜன்னலோரம் நின்று எதையோ குடித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை கையை ஆட்டினார். நம் வீரர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். இறக்கிவிட்டார்.

இறங்கும்போது ஏரிக்கரைக் கடைகளில் நின்றோம். விரல் விறைத்திருந்தது. ஒரு பெண்மணியிடம் கையுறை பேரம் பேசி வாங்கினோம். உள்ளே தைத்திருந்த துணிச் சீட்டில் சீனாவில் செய்தது என்று போட்டிருந்தது.

"எல்லை வழியாக வந்ததா?" என்று டிரைவரை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

அவர் கேட்காமலே சிரித்தார். "சிலிகுரியிலிருந்து வருகிறது. சிலிகுரிக்குக் கொல்கத்தாவிலிருந்து. கொல்கத்தாவுக்குக் கப்பலில்."

மலாக்கா நீரிணையைச் சுற்றி, வங்காள விரிகுடா ஏறி, ஹூக்ளிக்குள் நுழைந்து, அச்சு சமாதியைத் தாண்டி, நாங்கள் வந்த அதே தீஸ்தா சாலையில் மண்சரிவில் நின்று, சீனாவிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை தன் அக்காவுக்கும் ஒரு ஜோடி வாங்கினார். சாத்தூர் வெயிலுக்குக் கையுறை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துக் கடையில் டீ. கெட்டிலைச் சாய்த்த நேபாளிப் பெண் கரண்டியை டப்பாவுக்குள் விட்டு, "சினி?" என்றாள்.

"சீனி அரைக் கரண்டி போதும், தாயி" என்றார் மாப்பிள்ளை தமிழிலேயே. அவள் கரண்டியை லேசாகத் தட்டிப் பாதியைக் கொட்டிவிட்டு, மீதியைப் போட்டுக் கலக்கினாள்.